பூட்டிய கேசட்டைத் திறந்தவர்கள்

உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டு. பிஸ்கட்டைவிடக் கொஞ்சம் பெரிது. சாம்பல் நிறம். முன்பக்கம் ஒரு படம் ஒட்டியிருக்கும். அடிப்பக்கம் தங்க நிறத்தில் சிறு சிறு பற்கள் வரிசையாக இருக்கும்.

அதன் பெயர் கேசட்.

பாட்டுக் கேசட் அல்ல. விளையாட்டுக் கேசட்!

கையில் பிடித்து விளையாடும் வீடியோ கேம் பெட்டியின் முதுகில் இதைச் செருக வேண்டும். உடனே திரையில் கட்டைகள் விழும். ராட்சதர்கள் வருவார்கள். ராஜகுமாரியை மீட்க ஒரு குள்ள வீரன் ஓடுவான். கேசட்டைக் கழற்றினால் எல்லாம் மாயம்!

இத்தனையும் அந்தச் சின்னத் துண்டுக்குள் எப்படி இருக்கிறது?

செய்த கம்பெனி அதை வெளியே சொல்லவில்லை. சொல்லாதது மட்டும் அல்ல. உள்ளே ஒரு பூட்டும் போட்டு வைத்தது.

ஆனாலும் சிலர் அதைத் திறந்து பார்த்தார்கள். அவர்களில் சிலர் கோர்ட்டு ஏறி ஜெயித்தார்கள். சிலர் தோற்றுத் தலைகுனிந்தார்கள். இன்னும் சிலரை, பூட்டுப் போட்ட கம்பெனியே அழைத்து வேலை கொடுத்தது!

மணலிக்குத் தெரிந்த வித்தை

இதை வெளிநாட்டு வித்தை என்று நினைக்க வேண்டாம். வடசென்னை மணலியில் இது பழகிப்போன வித்தை.

மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1969-ம் ஆண்டு ஓடத் தொடங்கியது. அதைச் சுற்றி உர ஆலையும் ரசாயன ஆலைகளும் எழுந்தன. ஆலை என்றால் பம்பு உண்டு. மோட்டார் உண்டு. வால்வு உண்டு. அவை என்றாவது ஒருநாள் தேயும், உடையும்.

உடைந்தது வெளிநாட்டு எந்திரத்தின் பாகமாக இருந்தால்? செய்த கம்பெனியே மூடிப்போயிருந்தால்? வரைபடமும் இல்லாவிட்டால்?

லேத் பட்டறைக்குப் போகும். பட்டறைக்காரர் உடைந்த பாகத்தைக் கையில் வாங்குவார். திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வெர்னியர் அளவுகோலை வைத்து அளவு எடுப்பார். இந்தப் பள்ளம் எதற்கு, இந்த மரை எதற்கு என்று யோசிப்பார். பிறகு புதிதாக ஒன்றைக் கடைந்து கொடுப்பார். எந்திரம் மறுபடியும் ஓடும்.

எஞ்சினியர் வரைபடத்தில் தொடங்கிப் பொருளில் முடிக்கிறார். பட்டறைக்காரர் பொருளில் தொடங்கி வரைபடத்தில் முடிக்கிறார். வந்த வழியே திரும்பிப் போவது போல!

இதற்குத்தான் ஆங்கிலத்தில் 'ரிவர்ஸ் எஞ்சினியரிங்' என்று பெயர். தமிழில் 'மீள்பொறியியல்' என்கிறார்கள்.

சமையல் அறையிலும் இது உண்டு. பக்கத்து வீட்டு மீன் குழம்பு மணக்கிறது. ஒரு கரண்டி வாங்கி ருசி பார்க்கிறார்கள். "வெந்தயம் கொஞ்சம் தூக்கல். மாங்காய் போட்டிருக்கிறாள்" என்று கண்டுபிடித்து, மறுநாள் தாங்களே வைக்கிறார்கள்.

ருசி பார்த்துக் கண்டுபிடிப்பது சாமர்த்தியம். குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது திருட்டு.

இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள். கேசட்டின் கதை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

பர்மா பஜாரில் வாங்கியது

மணலிப் பிள்ளைகளுக்கு வீடியோ கேம் எங்கிருந்து வந்தது? திருவொற்றியூர், ராயபுரம் தாண்டிப் போனால் கடற்கரை ரெயில் நிலையம். அதன் அருகே பர்மா பஜார். பர்மாவிலிருந்து அகதிகளாகத் திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969-ல் அமைந்த கடைவீதி அது.

1990-களில் அங்கே டி.வி.யில் மாட்டும் வீடியோ கேம் பெட்டிகள் குவிந்து கிடந்தன. அவற்றில் பெரும்பாலானவை, ஜப்பானில் 1983-ல் வெளிவந்த 'ஃபாமிகாம்' என்ற பெட்டியின் நகல்கள்.

அந்தக் கேசட்டுகளில் சிலவற்றின் மேல் "9999 விளையாட்டுகள்" என்று அச்சடித்திருக்கும். பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். விளையாடிப் பார்த்தால் கொஞ்ச நேரத்தில் பழைய விளையாட்டே திரும்பி வரும்!

திறந்து படித்தவர்கள் உண்மையைச் சொன்னார்கள். உள்ளே இருந்தவை ஒரு கை விரல்களில் எண்ணக்கூடிய சில விளையாட்டுகளே. ஒன்றை இரண்டாம் கட்டத்திலிருந்து தொடங்கினால் அதற்கு ஒரு பெயர். மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்கினால் இன்னொரு பெயர். எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போகும்!

ஆம். திறந்து பார்க்கத் தெரிந்தவனை யாரும் ஏமாற்ற முடியாது.

ஜப்பானின் 'கேம் பாய்'

கையடக்கப் பெட்டிகளில் உலகப் புகழ் பெற்றது 'கேம் பாய்'. ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி அதை 1989 ஏப்ரல் 21-ந் தேதி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பேய் யோகோய்.

வண்ணத் திரை கிடையாது. 4 விதமான நிழல்கள் மட்டுமே. திரையில் மொத்தம் 23,040 புள்ளிகள். 4 பென்சில் பேட்டரிகளைப் போட்டால் ஓடும். ஏழைப் பெட்டிதான்! ஆனால் இதுவும் இதன் வண்ணத் தம்பியும் சேர்ந்து 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல் விற்றன.

சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் வந்த உறவினர்கள் கொண்டுவந்த பெட்டிகளில் இதுவும் ஒன்று.

இதில் 'டெட்ரிஸ்' என்று ஒரு விளையாட்டு. மேலிருந்து கட்டைகள் விழும். கீழே அடுக்க வேண்டும். அந்த விளையாட்டு முழுவதும் 32,768 எழுத்துகளுக்குள் அடங்கிவிட்டது. இன்று செல்போனில் எடுக்கும் ஒரு படம் 3 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு படத்தின் இடத்தில் சுமார் 90 டெட்ரிஸ் விளையாட்டுகளை வைக்கலாம்!

32 பற்களின் ரகசியம்

கேம் பாய் கேசட்டில் 32 பற்கள். மனிதனின் வாயில் இருப்பது போலவே!

அவற்றில் 16 பற்கள் 'எந்த வீடு?' என்று கேட்பவை. 8 பற்கள் 'அந்த வீட்டில் என்ன இருக்கிறது?' என்று பதில் சொல்பவை. மீதி 8 பற்கள் மின்சாரம் கொடுக்கவும், 'படி', 'எழுது' என்று கட்டளை இடவும், மற்ற வேலைகளுக்கும்.

16 சுவிட்சுகளை மாற்றி மாற்றிப் போட்டால் 65,536 விதமாகப் போடலாம். அதாவது 65,536 வீடுகள். அவற்றில் முதல் பாதி, 32,768 வீடுகள், கேசட்டுக்கு உரியவை. ஒவ்வொரு வீட்டிலும் 0 முதல் 255 வரையில் ஓர் எண் குடியிருக்கிறது. அந்த எண்களே விளையாட்டு. படமும் அதுதான். இசையும் அதுதான். ராட்சதனும் அதுதான்!

கேசட்டைப் படிப்பவர்கள் செய்வது இதுதான். ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பலகையை அந்தப் பற்களோடு இணைக்கிறார்கள். 'முதல் வீட்டில் யார்?' பதில் வரும். எழுதிக்கொள். 'இரண்டாம் வீட்டில் யார்?' எழுதிக்கொள். தபால்காரர் தெருவை அளப்பது போல ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறது அந்தப் பலகை. சில நிமிஷங்களில் தெரு முழுவதும் கணக்குக்கு வந்துவிடும்.

திரைக்குப் பின்னால் படுதா

ஆனால் ஒரு சந்தேகம் எழும். ஆங்கிலத்தில் வந்த 'போகிமான் சிவப்பு' என்ற விளையாட்டு, டெட்ரிசைப் போல 32 மடங்கு பெரியது. வீடுகளோ 32,768 தான். எப்படி அடங்கியது?

நாடகக் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். மேடை ஒன்றுதான். ஆனால் அரண்மனையும் வருகிறது, காடும் வருகிறது, சுடுகாடும் வருகிறது. கயிற்றை இழுத்தால் படுதா மாறுகிறது!

கேசட்டிலும் அப்படியே. முதல் 16,384 வீடுகள் மாறாமல் நிற்கும். அடுத்த 16,384 வீடுகள் படுதா. போகிமான் சிவப்பில் இப்படி 64 பகுதிகள். ஒன்று எப்போதும் மேடையில் நிற்கும். மற்றவை முறை வைத்து வரும். படுதா மாற்ற கேசட்டுக்குள்ளேயே தனியாக ஒரு சிப் வேலை செய்கிறது.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அதுதான் துப்பறியும் கதை!

கேசட்டில் இருப்பது படிக்க மட்டும் முடிகிற நினைவகம். அதில் எதையும் எழுத முடியாது. ஆனால் விளையாட்டின் கட்டளைகளைப் படித்தபோது, அது அந்த இடத்தில் திரும்பத் திரும்ப எழுத முயல்வது தெரிந்தது. கல்லில் யாராவது பென்சிலால் எழுதுவார்களா? எழுதினால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டுமே!

காரணம் இருந்தது. அது எழுதுவது அல்ல. படுதாக் கயிற்றை இழுப்பது!

வாசலில் ஒரு காவலாளி

இனிப் பூட்டுக்கு வருவோம்.

கேம் பாய் பெட்டியைப் போட்டதும் 'நின்டெண்டோ' என்ற பெயர் மேலிருந்து மெல்ல இறங்கி வரும். 'டிங்' என்று மணி அடிக்கும். பிள்ளைகள் அதை அழகுக்காக என்று நினைத்தார்கள். உண்மையில் அது காவலாளி நடத்தும் சோதனை!

பெட்டிக்குள் 256 எழுத்துகள் கொண்ட ஒரு சின்னக் கட்டளைத் தொகுப்பு இருக்கிறது. அதுதான் காவலாளி. கேசட்டில் 48 எழுத்துகளில் நின்டெண்டோ பெயரின் படம் இருக்க வேண்டும். அந்தப் படத்தை வாங்கித் திரையில் காட்டும். பிறகு தன்னிடம் உள்ள படத்தோடு ஒப்பிடும். ஒரு புள்ளி மாறினாலும் பெட்டி அசையாது.

இன்னொரு சோதனையும் உண்டு. மொய் நோட்டில் கடைசியில் மொத்தம் போடுகிறோம் அல்லவா? கூட்டிப் பார்த்துச் சரியில்லை என்றால் எங்கோ தப்பு என்று அர்த்தம். கேசட்டின் தொடக்கப் பகுதியிலும் அப்படி ஒரு கூட்டுத்தொகை இருக்கிறது. காவலாளி கூட்டிப் பார்ப்பான். பொருந்தாவிட்டால் அங்கேயும் தடை!

தந்திரம் என்ன தெரியுமா? வேறு கம்பெனி அனுமதி இல்லாமல் கேசட் செய்தால், நின்டெண்டோவின் பெயரை அதில் வைத்தே தீரவேண்டும். வைத்தால், 'எங்கள் பெயரைத் திருடினாய்' என்று வழக்குப் போடலாம்!

ஒரு காசுப் பொருளில் தோற்ற பூட்டு

லண்டனில் ஆர்கோநாட் என்று ஒரு சிறு கம்பெனி. அதைத் தொடங்கியவர் ஜெஸ் சான். அங்கே டிலன் கத்பர்ட் என்ற இளைஞர் வேலை செய்தார். கேம் பாய் வந்த புதிதில் இவர்கள் அதைத் தாங்களாகவே ஆராய்ந்தார்கள்.

காவலாளி படத்தை முதலில் திரையில் காட்டுகிறான், பிறகு ஒப்பிடுகிறான். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பது இல்லை. இந்த இடைவெளியைப் பிடித்தார்கள்! ரேடியோ ரிப்பேர்க் கடையில் சில்லறைக்குக் கிடைக்கும் ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர். இவ்வளவுதான். திரையில் காட்டும்போது 'ஆர்கோநாட்' என்ற பெயர். ஒப்பிடும்போது 'நின்டெண்டோ' என்ற பெயர். காவலாளி கதவைத் திறந்துவிட்டான்!

அதோடு நிற்கவில்லை. ஏழைப் பெட்டியால் முடியாது என்று எல்லோரும் நினைத்த முப்பரிமாணக் காட்சியையும் அதில் ஓடவைத்தார்கள்.

நின்டெண்டோ கோபப்பட்டதா? வழக்குப் போட்டதா? இல்லை. ஜப்பானின் கியோட்டோ நகரத்துக்கு அவர்களை அழைத்தது. 1992-ல் 'எக்ஸ்' என்ற முப்பரிமாண விளையாட்டு ஜப்பானில் வெளிவந்தது. 1993-ல் 'ஸ்டார் ஃபாக்ஸ்' வந்தது. அதற்கான புதிய சிப்பை வடிவமைத்ததும் இதே ஆர்கோநாட்தான்.

ஒரே ஆண்டு, இரண்டு தீர்ப்புகள்

எல்லாக் கம்பெனிகளும் இப்படிப் பெருந்தன்மை காட்டவில்லை. அமெரிக்காவில் விஷயம் கோர்ட்டுக்குப் போனது. இரண்டு வழக்குகளுமே டி.வி.யில் மாட்டும் பெட்டிகளின் கேசட்டைப் பற்றியவை.

முதல் வழக்கு அட்டாரி கேம்ஸ் கம்பெனிக்கும் நின்டெண்டோவுக்கும் நடந்தது. நின்டெண்டோவின் பூட்டைத் திறக்க அட்டாரி முயன்றது. சிப்பின் மேலுறையை நீக்கி ஆராய்ந்தும் முழுதாகப் புரியவில்லை. அப்போது ஒரு குறுக்கு வழி தோன்றியது.

நின்டெண்டோ அந்தக் கட்டளைத் தொகுப்பை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்திருந்தது. வழக்கில் சிக்கியவர்கள், அந்த வழக்குக்காக மட்டும், நகல் வாங்கலாம். 1988-ல் அட்டாரியின் வக்கீல்கள், 'எங்கள் மீது வழக்கு இருக்கிறது' என்று எழுதிக் கொடுத்து நகலை வாங்கினார்கள். அப்போது அப்படி ஒரு வழக்கே கிடையாது!

அதைக் கொண்டு அட்டாரி ஒரு கள்ளச் சாவி செய்தது. அதற்கு 'ராபிட்' என்று பெயர். முயல்!

1992 செப்டம்பரில் மேல்கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. ஒரு பொருளை ஆராய்ந்து அதன் தத்துவத்தைத் தெரிந்துகொள்வது தப்பு இல்லை. ஆனால் அதற்கு நேர்மையாகக் கிடைத்த பிரதி வேண்டும். பொய் சொல்லி வாங்கியதற்குப் பாதுகாப்பு இல்லை. அட்டாரி தோற்றது.

அடுத்த மாதமே இன்னொரு தீர்ப்பு. அக்கலேட் என்ற கம்பெனிக்கும் சேகா கம்பெனிக்கும் நடந்த வழக்கு அது. அக்கலேட் கடையில் காசு கொடுத்து ஒரு சேகா பெட்டியையும் 3 கேசட்டுகளையும் வாங்கியது. திறந்து படித்தது. பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் ஒரு கையேடாக எழுதியது. சேகாவின் கட்டளைகளை அதில் சேர்க்கவில்லை. அந்தக் கையேட்டைப் பார்த்துத் தன் விளையாட்டுகளைத் தானே எழுதியது.

சேகாவின் புதிய பெட்டியிலும் ஒரு காவலாளி இருந்தான். 'சேகா' என்ற 4 ஆங்கில எழுத்துகள் கேசட்டில் இருந்தால்தான் விடுவான். அந்த எழுத்துகளை அக்கலேட் வைத்தது. சேகா வழக்குப் போட்டது.

1992 ஏப்ரலில் கீழ்க்கோர்ட்டு அக்கலேட்டுக்குத் தடை விதித்தது. விற்பனை நின்றது. கம்பெனியே ஆடிப்போனது. ஆனால் அக்டோபரில் மேல்கோர்ட்டு தீர்ப்பைத் திருப்பிப் போட்டது!

'பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேறு வழியே இல்லாதபோது, அதற்காகக் கேசட்டைப் பிரித்துப் படிப்பது நியாயமான உபயோகம்' என்றார்கள் நீதிபதிகள். பெயரைக் காட்டவைத்தது சேகாவின் பூட்டுத்தான். அந்தப் பழியை அக்கலேட் தலையில் போட முடியாது என்றும் சொன்னார்கள். 1993-ல் இரு கம்பெனிகளும் சமரசம் செய்துகொண்டன.

ஒருவன் காசு கொடுத்து வாங்கி ருசி பார்த்தான். ஜெயித்தான். இன்னொருவன் பொய் சொல்லிச் சட்டியை வாங்கினான். தோற்றான்!

மைக்ராஸ்கோப்பில் படித்த மாயாவி

கேம் பாய் காவலாளிக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. கதவைத் திறந்து விளையாட்டை உள்ளே விட்டதும் அவன் மாயமாய் மறைந்துவிடுவான்! எந்த விளையாட்டும் திரும்பிப் பார்த்து அவனைப் படிக்க முடியாது. வெளியிலிருந்து அவன் செய்யும் வேலையைப் பார்க்கலாம். அவன் முகத்தைப் பார்க்க முடியாது.

பெட்டி வந்து 14 ஆண்டுகள் ஆகியும் நிலைமை இதுதான்.

2003-ல் ஓர் ஆர்வலர் துணிந்தார். சிப்பின் மேலுறையை நீக்கினார். மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் படம் எடுத்தார். 256 எழுத்துகள் என்றால் 2,048 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் 0 அல்லது 1. அத்தனையையும் படத்தைப் பார்த்தே படித்து எழுதினார்!

அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. கண்டுபிடித்ததை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்.

சொந்தமாக விளையாட்டு எழுதுகிறவர்கள்

இப்படிக் கண்டுபிடித்தவற்றை எல்லாம் ஒரே ஆவணத்தில் தொகுக்கும் வேலை 1995-ல் தொடங்கியது. அதன் பெயர் 'பான் டாக்ஸ்'. பலர் திருத்தினார்கள்; பலர் சேர்த்தார்கள். இன்றும் அது வளர்ந்துகொண்டே இருக்கிறது.

அதைப் படித்து, கம்பெனியின் தயவு இல்லாமலே கேம் பாய்க்குப் புதிய விளையாட்டுகளை எழுதுகிறார்கள். இவற்றுக்கு ஆங்கிலத்தில் 'ஹோம்புரூ' என்று பெயர். வீட்டுத் தயாரிப்பு என்று சொல்லலாம். 2019-ல் 'ஜிபி ஸ்டூடியோ' என்ற இலவசக் கருவி வந்தது. கம்ப்யூட்டர் மொழி தெரியாதவர்களும் படங்களை இழுத்து வைத்து ஒரு விளையாட்டைச் செய்துவிடலாம்.

கடைகளிலிருந்து எப்போதோ மறைந்துபோன பெட்டிக்கு இன்றும் புது விளையாட்டுகள் வருகின்றன. திறந்து படித்தவர்களால் வந்த வாழ்வு அது!

சாகும் கேசட்டுகள்

இதெல்லாம் பொழுதுபோக்குத்தானே, இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். விஷயம் இருக்கிறது.

பல கேசட்டுகளுக்குள் பொத்தான் போல ஒரு சின்ன பேட்டரி உண்டு. பிள்ளை விளையாடி எட்டிய இடத்தை நினைவில் வைப்பது அதுதான். சுமார் 15, 20 ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும். தீர்ந்தால் விளையாட்டு இருக்கும். பிள்ளையின் உழைப்பு போய்விடும். அண்ணனும் தங்கையும் கோடை விடுமுறை முழுவதும் சேர்ந்து பிடித்த போகிமான்கள் ஒரே நாளில் மறைந்துவிடும்!

வழி தெரிந்தவர்கள் முதலில் அந்த நினைவைக் கம்ப்யூட்டரில் படித்து வைப்பார்கள். பிறகு பழைய பேட்டரியைக் கழற்றிப் புதியதைப் பற்றவைப்பார்கள். நினைவைத் திரும்ப எழுதுவார்கள். பேட்டரியை முதலில் கழற்றினால் எல்லாம் போச்சு!

இந்த பேட்டரியைச் சிறு குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது. விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

விளையாட்டுகளுக்கும் ஆபத்துத்தான். 2023-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. 2010-க்கு முன் அங்கே வெளிவந்த வீடியோ கேம்களில் 100-க்கு 87 இப்போது எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை என்று தெரிந்தது. பழைய சினிமாப் படச்சுருள்கள் கவனிப்பார் இல்லாமல் அழிந்த கதை தமிழ்நாட்டுக்குத் தெரியும். கேசட்டுக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்றால், யாராவது திறந்து படித்து வைத்தே ஆகவேண்டும்.

வடசென்னையில் எத்தனை வீட்டுப் பரணில் இந்தக் கேசட்டுகள் கிடக்கின்றனவோ! பழைய பிளாஸ்டிக் கடைக்குப் போனவை எத்தனையோ! கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் போனால் திரும்பி வராது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அமலில் இருக்கிறது. கம்ப்யூட்டர் கட்டளைகளும் அதற்குள் அடங்கும். 1999-ல் அதில் ஒரு திருத்தம் வந்தது. 52-வது பிரிவில் சில புதிய வரிகள் சேர்ந்தன.

நேர்மையாகத் தன்னிடம் உள்ள கட்டளைத் தொகுப்பை ஒருவர் கவனித்துப் படிக்கலாம், சோதித்துப் பார்க்கலாம். அதன் அடிப்படைத் தத்துவத்தைத் தெரிந்துகொள்ளலாம். தான் சொந்தமாக எழுதிய ஒன்று அதோடு சேர்ந்து வேலை செய்யத் தேவையான விவரத்தை, வேறு எங்கும் எளிதாகக் கிடைக்காவிட்டால், அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். சட்டப்படி வாங்கிய பிரதியிலிருந்து, வியாபாரத்துக்கு அல்லாமல், தன் சொந்த உபயோகத்துக்கு நகல் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் அடுத்தவர் விளையாட்டை நகல் எடுத்து விற்றால்? அது குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை ஜெயில் தண்டனையும், 50 ஆயிரம் ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. திருடும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதும் குற்றம் என்று 2012-ல் இன்னொரு பிரிவு சேர்ந்தது.

அமெரிக்க நீதிபதிகள் சொன்னதும், நம் சட்டம் சொல்வதும், மீன் குழம்பு நியாயமும் ஒன்றுதான்!

மணலிப் பையனும் செய்யலாம்

இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். கேசட்டைப் படிக்க உதவும் 'அர்டுயினோ' போன்ற சின்னக் கம்ப்யூட்டர் பலகைகள் சென்னை ரிச்சி தெருவில் விற்கின்றன. வழிமுறைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கேசட்டின் திருகாணிக்குச் சாதாரண ஸ்குரூ டிரைவர் பொருந்தாது. அதற்கென்று தனி முனை உண்டு. அதுவும் ஒரு சின்னப் பூட்டுத்தான்!

படித்துப் பழகியவனுக்கு லாபம் என்ன? 16 கம்பிகளில் கேள்வி கேட்டு 8 கம்பிகளில் பதில் வாங்கத் தெரிந்தவனுக்கு, ஆலையில் ஓடும் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கண்டு பயம் வராது. எந்திரத்துக்குள் பூதம் இல்லை, கணக்குத்தான் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். 20 ஆண்டுப் பழைய கருவி நின்றுபோய், செய்த கம்பெனியும் இல்லாமல் போனால், அதை ஓடவைக்கப் போகிறவன் அவன்தான். லேத் பட்டறைக்காரர் இரும்பில் செய்ததை அவன் எண்களில் செய்வான்.

வீட்டில் பிள்ளை பழைய பொம்மையைக் கழற்றிப் போட்டால் அதட்டாதீர்கள். கரண்ட் இணைப்பைத் தொடக்கூடாது என்று கண்டித்துச் சொல்லுங்கள். பேட்டரியை எட்டாத இடத்தில் வையுங்கள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "உள்ளே என்ன இருக்கிறது?" என்று நீங்களும் கேளுங்கள்.

கூடவே ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். 'திற, படி, தெரிந்துகொள். தெரிந்ததை நாலு பேருக்குச் சொல். ஆனால் அடுத்தவன் உழைப்பை உன்னுடையது என்று விற்காதே!'